கானாவில் போன கரண்ட்

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து உட்காரும்போது முதலாளியிடமிருந்து போன். "ஏப்பா, உலகம் பூரா கம்ப்யூட்டர் நீலமாயிருச்சுன்னு டிவியில சொல்றான். நம்முளுது நல்லா இருக்குதா?" இருக்கிறது என்றேன். "நமக்கு மட்டும் எப்படி ஒண்ணும் ஆகலை?" குரலில் பாதி நிம்மதி, பாதி பெருமை. அதற்குக் காரணமான பாதுகாப்பு மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கும் அளவுக்கு நாம் பெரிய கம்பெனி இல்லீங்க என்று சொல்ல மனம் வரவில்லை. "சாமி புண்ணியமுங்க" என்று வைத்துவிட்டேன்.

கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் நான் ஒருவன்தான். நாற்பது கம்ப்யூட்டர், ஒரு சர்வர், அடிக்கடி காகிதம் மாட்டிக்கொள்ளும் மூன்று பிரின்டர். யுபிஎஸ் 'பீப்' அடித்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வாசலில் கேமரா மங்கலாகத் தெரிந்தாலும் என்னைத்தான்.

அன்றைக்கு நடந்த கூத்து என் மாதிரி ஆட்களுக்கு மறக்காது. கம்ப்யூட்டரைக் காப்பாற்றவே இருக்கிற கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய ஒரு அப்டேட் ஃபைலில் பிழை. நம்மூர் நேரம் காலை 9.39-க்குப் போனது, ஒன்றே கால் மணி நேரத்தில் திரும்ப வாங்கிவிட்டார்கள். அதற்குள் ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. படுத்ததை எழுப்ப இங்கிருந்து ஒரு பொத்தானை அழுத்தினால் போதாது. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒருவர் போய் நின்று, சேஃப் மோடில் ஏற்றி, அந்த ஃபைலைக் கையால் அழிக்க வேண்டும். நாற்பதுக்கே எனக்கு ஒரு நாள் போகும். விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்த படங்கள் வந்தன. எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். பேனாவும் அட்டையும் கைக்கெட்டிய தூரத்தில் இருந்ததே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் ஒரு தடவை அந்த நிலைமையில் மாட்டியவன்.

2020 அக்டோபர். அதற்கு ஆறு மாதம் முன்னால், ஊரடங்கு தொடங்கியபோது, எங்கள் கணக்கு அண்ணா வீட்டிலிருந்தே வேலை பார்க்க வேண்டியிருந்தது. எல்லோரும் அவசரப்படுத்திய நேரம். ரூட்டரில் 3389 என்ற போர்ட்டைத் திறந்து, இன்டர்நெட்டிலிருந்து நேராக சர்வருக்குள் ரிமோட் டெஸ்க்டாப்பில் வருகிற மாதிரி வைத்துக் கொடுத்தேன். 'இப்போதைக்கு இருக்கட்டும், அப்புறம் சரி பண்ணிக்கலாம்' என்று நினைத்தேன். பாஸ்வேர்டு, கம்பெனி பெயரும் 123-ம். அண்ணா ஜூன் மாதமே ஆபீசுக்குத் திரும்பிவிட்டார். போர்ட் திறந்தபடியே கிடந்தது. உலகத்தில் அப்படித் திறந்து கிடக்கும் கதவுகளை இரவு பகலாகத் தட்டிப் பார்க்கவென்றே புரோகிராம்கள் ஓடிக்கொண்டிருக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் மறந்துவிட்டேன்.

ஒரு திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்கு அண்ணா கூப்பிட்டார். "தம்பி, டேலி ஓப்பனே ஆக மாட்டேங்குது. ஃபைல் பேரெல்லாம் என்னமோ மாறிக் கெடக்குது." போய்ப் பார்த்தபோது ஒவ்வொரு ஃபைலுக்கும் வாலில் புரியாத எழுத்துகள். நடுவில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல்: உங்கள் ஃபைல்களைப் பூட்டிவிட்டோம், பிட்காயினில் பணம் கட்டினால் சாவி தருவோம்.

பேக்கப் இருக்கிறதே என்று எனக்கு முதலில் அவ்வளவு பதற்றம் வரவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு வெளி ஹார்டு டிஸ்கில் காப்பி ஆகும். 'வெற்றிகரமாக முடிந்தது' என்று தினமும் எனக்கு மெயில் வரும். ஆனால் அந்த டிஸ்க் ஆண்டு முழுக்க சர்வரின் பின்னாலேயே செருகிக் கிடந்தது. உள்ளே வந்தவனுக்கு அது இன்னொரு டிரைவ், அவ்வளவுதான். அதையும் பூட்டிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பேக்கப்பும் வெற்றிகரமாகவே முடிந்திருந்தது. பூட்டிய ஃபைல்களை ஒழுங்காகக் காப்பி எடுத்து எனக்கு மெயிலும் அனுப்பியிருந்தது.

முதலாளி கேட்டது ஒரே கேள்வி: "பணம் கட்டுனா குடுப்பானா?" தெரியாதுங்க என்றேன். "அப்ப கட்ட வேண்டாம்." திட்டவில்லை. அன்றைக்கு அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

காப்பாற்றியது ஒரு பென் டிரைவ். செப்டம்பர் முதல் வாரத்தில் வரித் தணிக்கைக்காக டேலி டேட்டாவை அண்ணா ஒரு பென் டிரைவில் போட்டு ஆடிட்டர் ஆபீசுக்குக் கொடுத்து அனுப்பியிருந்தார். அதைத் திருப்பி வாங்க மறந்துபோயிருந்தார். ஆக, நாற்பது நாள் கணக்குதான் போயிருந்தது. விற்பனை பில்கள் ஜிஎஸ்டி ரிட்டனில் ஏறியிருந்தன; போர்ட்டலிலிருந்து இறக்கினோம். நாங்கள் வாங்கியதையெல்லாம் எங்களுக்கு விற்றவர்கள் அதே போர்ட்டலில் ஏற்றியிருந்தார்கள். அரசாங்கம் எங்களுக்காக பேக்கப் எடுத்து வைத்திருந்ததாக அண்ணா சொல்லிச் சிரித்தார். கூலி, டீச்செலவு, லாரி வாடகை எல்லாம் வவுச்சர் கட்டுகளில் இருந்தன. மூன்று பேர் உட்கார்ந்து பதினோரு நாள் டைப் அடித்தோம்.

டிராயிங்குகளுக்குத்தான் போர்ட்டல் கிடையாது. வாடிக்கையாளருக்கு அனுப்பிய மெயில்களின் அடியில் கொஞ்சம் கிடைத்தது. மீதிக்கு, பட்டறைச் சுவரில் ஒட்டியிருந்த எண்ணெய்க் கறை படிந்த தாள்களைப் பிய்த்து வந்து, அளவு பார்த்து மறுபடி வரைந்தார்கள். சிலவற்றில் அளவு கறைக்கு அடியில் போயிருந்தது. உருப்படியையே கொண்டுவந்து வெர்னியரில் அளந்தோம்.

அதற்குப் பிறகுதான் தொழில்நுட்பச் செய்திகளை வேறு கண்ணால் படிக்க ஆரம்பித்தேன். எவன் உள்ளே வந்தான், எத்தனை கோடி கேட்டான் என்பதைத் தாண்டிவிடுவேன். திரும்ப எழுந்தது எதனால் என்றுதான் தேடுவேன்.

அப்படித் தேடியதில் என்னை அசத்தியது மெர்ஸ்க் கதை. உலகக் கடல்களில் கண்டெய்னர் ஓட்டும் டென்மார்க் நிறுவனம். 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற வைரஸ் அதைப் பிடித்தது. வந்த வழியைக் கேட்டால் எங்கள் அண்ணாவே திடுக்கிடுவார்: உக்ரைனில் வரிக்கணக்குக்குப் பயன்படுத்தும் ஒரு மென்பொருளின் அப்டேட் வழியாக. நவி மும்பையில் ஜவஹர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு முனையம்வரை வேலை நின்றது. கம்பெனியில் யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு எந்தக் கதவு திறக்கும் என்ற பதிவேடு டொமைன் கன்ட்ரோலர் என்ற சர்வர்களில் இருக்கும். மெர்ஸ்கிடம் அப்படிச் சுமார் 150 இருந்தன. ஒன்று போனால் இன்னொன்று பார்த்துக்கொள்ளும் என்பது ஏற்பாடு. எல்லாம் ஒரே நேரத்தில் போகும் என்று யாரும் நினைக்கவில்லை.

ஒன்றே ஒன்று தப்பியது. ஆப்பிரிக்காவில், கானா நாட்டு ஆபீசில். வைரஸ் வந்த நேரத்தில் அங்கே கரண்ட் இல்லை.

அதில் இருந்ததை, மீட்பு வேலை நடந்த பிரிட்டனுக்கு இணையத்தில் அனுப்பப் பார்த்தால் வேகம் போதவில்லை, நாள் கணக்கில் ஆகும். ஆளிடம் கொடுத்தனுப்பலாம் என்றால் அங்கே யாரிடமும் பிரிட்டன் விசா இல்லை. கடைசியில் கானா ஊழியர் நைஜீரியாவுக்குப் பறந்து, விமான நிலையத்தில் இன்னொருவர் கையில் ஹார்டு டிஸ்கைக் கொடுக்க, அவர் அதை லண்டனுக்கு எடுத்துப் போனார். பத்து நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் புதிதாக ஏற்றியதாக மெர்ஸ்கின் தலைவர் பிறகு டாவோஸ் மேடையில் சொன்னார். 2012-இல் நம்மூர் மின்வெட்டைச் சபித்த வாயால் கானாவின் மின்வெட்டை நான் வாழ்த்தினேன்.

புரோகிராம் எழுதுபவர்கள் தங்கள் வேலையைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லாப்பின் கதையும் இதே ஜாதிதான். 2017 ஜனவரி 31 ராத்திரி, களைத்துப்போன ஒரு பொறியாளர் தவறான சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு வினாடியில் சுதாரித்து நிறுத்தியும் 300 ஜிபியில் நாலரை ஜிபிதான் மிச்சம். பேக்கப்புக்கு ஐந்து வழி வைத்திருந்தார்கள். ஒன்றும் உதவவில்லை. அதில் ஒன்று, பதிப்பு பொருந்தாமல் ஓடாமலே இருந்திருக்கிறது. ஓடவில்லை என்று எச்சரிக்க வேண்டிய மெயில்களை மெயில் சர்வரே ஏற்காமல் தள்ளியிருக்கிறது. அவர்களுக்குத் தோல்வி மெயில் வரவில்லை, எனக்கு வெற்றி மெயில் வந்தது. எது மோசம் என்று இன்றும் முடிவு செய்ய முடியவில்லை. அவர்களைக் காப்பாற்றியதும் ஒரு தற்செயல்தான்: ஆறு மணி நேரம் முன்னால் வேறு வேலைக்காக அதே ஆள் கையால் எடுத்து வைத்த ஒரு நகல். நடந்ததை மறைக்காமல், மீட்கும் வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். அந்தத் துணிச்சல் எனக்கு இல்லை. எங்கள் கதையை வாடிக்கையாளர்களிடம் 'சர்வர் மெயின்டனன்ஸ்' என்றுதான் சொன்னோம்.

இப்போது 3389 மூடியிருக்கிறது. வெளியிலிருந்து வர வேண்டுமென்றால் விபிஎன் என்ற பூட்டிய தனிவழி, அதற்கு மேல் போனில் ஓடிபி. 2021-இல் அமெரிக்காவில் கொலோனியல் பைப்லைன் என்ற எரிபொருள் குழாய் நிறுவனத்துக்குள் திருடர்கள் புகுந்தது, யாரும் பயன்படுத்தாத ஒரு பழைய விபிஎன் கணக்கு வழியாக, வெறும் பாஸ்வேர்டை வைத்து. அதைப் படித்த அன்று யாருக்கெல்லாம் கணக்கு இருக்கிறது என்று உட்கார்ந்து எண்ணினேன். வேலையை விட்டுப் போன நாலு பேர் இன்னும் பட்டியலில் இருந்தார்கள்.

முப்பது நாளுக்கு ஒரு தடவை பாஸ்வேர்டு மாற்றச் சொல்லும் பழக்கத்தையும் விட்டுவிட்டேன். காரணமில்லாமல் மாற்றச் சொல்ல வேண்டாம் என்று அமெரிக்க அரசின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட்டே 2017-இல் சொல்லிவிட்டது. மாற்றச் சொன்னால் அண்ணா என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும்: கடைசியில் இருக்கும் 7-ஐ 8 ஆக்குவார். இப்போது நீளமாக ஒன்று வைத்துக்கொண்டு டைரியில் எழுதி மேஜை அறையில் பூட்டி வைக்கிறார். தப்பு என்று சொல்பவர்கள் சொல்லட்டும். அந்த அறையை எந்த நாட்டிலிருந்தும் போர்ட் வழியாகத் திறக்க முடியாது.

சர்வரின் பேக்கப்புக்கு இப்போது இரண்டு டிஸ்க், என்கிரிப்ட் செய்தவை. ஒரு வாரம் ஒன்று, மறு வாரம் மற்றது. செருகாத டிஸ்க் முதலாளி வீட்டுப் பீரோவில் இருக்கும். மாதத்தின் முதல் சனிக்கிழமை மதியம், ஒரு பழைய கம்ப்யூட்டரில் அதிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிப் பார்ப்பேன். அண்ணா வந்து டேலியைத் திறந்து, ஏதாவது ஒரு பில்லைக் கூப்பிட்டுப் பார்த்துத் தலையாட்டுவார்.

போன மாதமும் டேலி வந்தது. டிராயிங் ஃபோல்டரைத் திறந்தால், புதிதாகச் சேர்ந்த டிசைன் பையன் வரைந்தது ஒன்றுகூட இல்லை. திங்கட்கிழமை அவன் மேஜைக்குப் போனேன். "இவ்வளவு நாளா எங்க சேவ் பண்றே தம்பி?"

"டெஸ்க்டாப்லதாங்ணா."