விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸ்

17 ஒக்டோபர் 2025, வெள்ளி

விண்டோஸ் 10-க்கு வந்துகொண்டிருந்த வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் செவ்வாயோடு நின்றுவிட்டன. வீட்டு லப்டொப் ஆறாம் தலைமுறை இன்டெல், அதை விண்டோஸ் 11 ஏற்காது. இன்டர்நெட் வேலைக்கு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட முடிவெடுத்தேன். விண்டோஸை அழிக்க மனமில்லை. அம்மாவின் தையல் கணக்கும் தங்கச்சியின் ஏ.எல். பரீட்சை நோட்ஸும் அதில்தான். இரண்டையும் வெளி ஹார்ட் டிஸ்குக்குக் கொப்பி பண்ணி, நாலைந்து ஃபைல்களைத் திறந்தும் பார்த்தேன். பார்க்காமல் எனக்கு நித்திரை வராது.

18 ஒக்டோபர், சனி

லினக்ஸுக்கு இடம் பிரிக்கும் வேலையை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிலேயே தொடங்கினேன். தன் ஃபைல்களை விண்டோஸே நகர்த்துவதுதான் நல்லது. 1 டிபி டிஸ்க், விண்டோஸ் கணக்கில் 931 ஜிபி. அறுநூறு ஜிபி காலி. ஆனால் விண்டோஸ் பகுதியைச் சுருக்க விட்டது 41 ஜிபி மட்டும்! ஹைபர்னேஷன் ஃபைல் (அணைக்கும்போது மெமரியைப் பதிந்து வைப்பது), பேஜிங் ஃபைல் (மெமரி போதாதபோது உதவுவது), ரெஸ்டோர் பொயின்ட் (பழைய நிலைக்குத் திரும்ப உதவுவது) போன்றவை நகராது. அவற்றில் ஒன்று நடுவில் கிடந்தாலும் அதைத் தாண்டிச் சுருக்க முடியாது. மூன்றையும் நிறுத்தி ரீஸ்டார்ட் பண்ணியதும் 380 ஜிபி வரை விட்டது. ஹைபர்னேஷன் நின்றால், விண்டோஸை விரைவாக எழுப்பும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் நிற்கும், அதுவும் தேவைதான். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக மூடாது. அந்த நிலையில் லினக்ஸிலிருந்து அதன் பகுதியில் எழுதுவது ஆபத்து.

150 ஜிபி எடுக்க நினைத்தேன். பெட்டியில் எம்பியாகக் கொடுக்க வேண்டும்: 153600. அழுத்தப் போகும் நேரம் உப்புவெளிப் பக்கம் இடி. பற்றரி செத்து ஒரு வருடம். பாதியில் கரண்ட் போனால் ஃபைல் சிஸ்டமே குலைந்துவிடலாம். கேன்சல் பண்ணி, லப்டொப்பை மூடிவிட்டுப் படுத்தேன்.

19 ஒக்டோபர், ஞாயிறு

காலையில் நல்ல வெயில். சுருக்க இரண்டு நிமிடமும் ஆகவில்லை. பேஜிங் ஃபைலைத் திரும்பப் போட்டுவிட்டு, பென் டிரைவிலிருந்து மின்டை ஏற்றினேன். முழு டிஸ்கையும் அழிக்கும் தெரிவைத் தொடாமல் நாமே பகுதிகளைப் பிரிக்கும் ‘சம்திங் எல்ஸ்’ வழியாகப் போனேன். காலி இடத்தில் 40 ஜிபி ரூட் (சிஸ்டத்துக்கு), மிச்சம் ஹோம் (நம் ஃபைல்களுக்கு). மெமரி போதாதபோது லினக்ஸுக்கு உதவும் ஸ்வாப்புக்குத் தனிப் பகுதி வேண்டாம், ஃபைலாகவே அமையும்.

கை நடுங்கியது 100 எம்பி இஎஃப்ஐ பகுதியில்தான். விண்டோஸின் பூட் ஃபைல்கள் அங்கேதான் இருக்கின்றன, லினக்ஸும் தன்னுடையதை அங்கேதான் வைக்கும். அதை ஃபோர்மட் பண்ணினால் விண்டோஸ் எழும்பாது. ஃபோர்மட் பெட்டியில் குறி விழவில்லை என்று மூன்று தரம் பார்த்த பிறகே இன்ஸ்டோல் கொடுத்தேன்.

மத்தியானத்துக்குள், எதை எழுப்புவது என்று தொடக்கத்தில் கேட்கும் கிரப் மெனுவில் இரண்டு பெயர்களும் வந்தன. விண்டோஸுக்குள் போய் அம்மாவின் கணக்கைக் கடைசி வரி வரை பார்த்த பிறகுதான் சாப்பிட்டேன்.

20 ஒக்டோபர், திங்கள், தீபாவளி

பின்னேரம் திருகோணமலைக் கோணேசர் கோயில். கோட்டைக்குள் மான்கள் மழையில் நனைந்து நின்றன.

இரவு தங்கச்சி விண்டோஸைத் திறந்துவிட்டுக் கூப்பிட்டாள். “அண்ணா, இப்ப ஒன்பதரை, இதில நாலு மணி எண்டு காட்டுது!”

சரியாக ஐந்தரை மணி வித்தியாசம். லப்டொப்பின் உள் கடிகாரத்தில் லினக்ஸ் யூடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாக வாசிக்கிறது. நம் இலங்கை நேரம் யூடிசியை விட ஐந்தரை மணி கூட. லினக்ஸையும் உள்ளூர் நேரத்தையே எழுதும்படி டைம்டேட்சிடிஎல் (timedatectl) கட்டளையால் மாற்றினேன். சரி வந்தது.

அப்புறம் அவளே லினக்ஸுக்குள் வந்து, விண்டோஸ் பகுதியில் இருந்த தன் நோட்ஸைத் திறந்து பார்த்தாள். எல்லாம் இருந்தது. “நாளைக்கு இதில தமிழ் கீபோர்டும் போட்டுத் தாங்க” என்றாள்.