கெட்டின் நிறத்தை ஏன் மாற்றினார்கள்?

புத்தகத்தில் இருப்பதையெல்லாம் படத்தில் கொண்டுவர முடியாது, அது எனக்கும் தெரியும். இரண்டு மணி நேரத்துக்குள் சில பாத்திரங்கள் காணாமல் போகும், சில காட்சிகள் சுருங்கும், சரி. ஆனால் அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவினின் எர்த்சீ மாயக்கதை நாவல்களுக்கு நடந்ததை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

பினாங்கு சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் ஒரு பழைய புத்தகக் கடையில் அண்ணன் வாங்கித் தந்த, அந்த வரிசையின் முதல் நாவலில் (1968இல் வந்தது) நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன், அவன் நண்பன் வெட்ச் இன்னும் கறுப்பு. தீவுகளும் கடலும் மந்திரமும் நிறைந்த அந்த உலகத்தில் நம்மைப் போன்ற தோல் உள்ள ஒருவன்தான் பெரிய மந்திரவாதி ஆகிறான் என்பது பள்ளி வயதில் எனக்கு எவ்வளவு பெரிய விஷயம்! 2004இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு எடுத்தபோது அந்த வேடத்தை ஒரு வெள்ளைக்கார நடிகருக்குக் கொடுத்துவிட்டார்கள். லெ குவினே அதைக் கண்டித்து எழுதினார்.

அப்புறம் 2006இல் ஜப்பானின் ஜிப்லி ஸ்டூடியோ எடுத்த அனிமேஷன் படம். ஆசையாக உட்கார்ந்தேன். ஓவியம் அழகுதான், ஆனால் தொடக்கத்திலேயே இளவரசன் ஆரென் தன் தந்தையைக் குத்திக் கொல்கிறான்! மூன்றாம் நாவலில் அந்தத் தந்தைதான் மகனை நம்பி, மந்திரவாதிகளின் பள்ளி இருக்கும் ரோக் தீவுக்கு அனுப்புகிறார். அந்த நம்பிக்கையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, டிராகனை எவ்வளவு அழகாக வரைந்து என்ன பயன்?

நீளத்தைக் குறைக்கட்டும், பரவாயில்லை. கெட்டை அவன் நிறத்திலேயே வைத்து யாராவது மறுபடி எடுத்தால், முதல் நாளே குர்னி பிளாசாவில் டிக்கெட் வாங்க நான் நிற்பேன்.