பெதஸ்தா குளத்தருகே ஒரு முற்பகல்

எருசலேமுக்குப் புறப்படுகிற நம்மூர்க்காரர்களில் பெரும்பாலோர் கல்லறை ஆலயத்தையும் கெத்செமனேயையும் நினைத்துக்கொண்டுதான் விமானம் ஏறுவார்கள். இயேசு ஒரு வியாதிக்காரனைச் சுகமாக்கியதாக பைபிள் சொல்லும் பெதஸ்தா குளம் பயணத்தின் நடுவில் அரைமணி நேரம் கிடைக்கிற இடம். பழைய நகரின் சிங்க வாசலுக்குள் நுழைந்து கொஞ்ச தூரம் நடந்தால் வலது கைப்பக்கம் ஒரு கதவு. உள்ளே மரங்களும் பூச்செடிகளுமாக ஒரு முற்றம், அதைத் தாண்டினால் பெரிய பள்ளம்.

படித்துறையும் ததும்பும் தண்ணீரும் எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். ரோமர் காலத்துக் கல், அதன்மேல் பைசாந்திய ஆலயத்தின் மிச்சம், அதற்கும் மேலே சிலுவைப் போர்க்காலத்துச் சுவர் என்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. குளத்தின் ஆழம் சுமார் 13 மீட்டர் என்கிறார்கள். எட்டிப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

பைபிளில் யோவான் சுவிசேஷத்தின் 5-ஆம் அதிகாரம் இங்கே ஐந்து மண்டபங்கள் இருந்ததாகச் சொல்கிறது. ஐந்து மண்டபம் வைத்த குளம் எங்கே இருக்கிறது, இதெல்லாம் கற்பனை என்று சொன்ன அறிஞர்களும் இருந்தார்கள். அப்புறம் தோண்டிப் பார்த்தபோது அடுத்தடுத்து இரண்டு குளங்களும் நடுவில் ஒரு தடுப்புச் சுவரும் கிடைத்தன. சுற்றிலும் நான்கு, தடுப்பின்மேல் ஒன்று. கணக்கு சரியாகிவிட்டது.

இந்த வளாகத்தில் கிடைத்தவற்றில் ஒரு பளிங்குக் கால் உண்டு. பெண்ணொருத்தியின் பெயர் அதில் கிரேக்க எழுத்தில் பொறித்திருக்கிறது. ரோமர் காலத்தில் யாரோ சுகம் கிடைத்ததற்குச் செலுத்திய காணிக்கை. வேளாங்கண்ணியில் வெள்ளித் தகட்டில் கையும் காலும் வாங்கி வைக்கிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் குழுவில் வீல்சேரில் வந்த ஓர் அக்கா இருந்தார். கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். முட்டி இரண்டும் போய்விட்டது. குளத்துக்குள் இறங்கும் படிகள் செங்குத்து. பையன்கள் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போகிறோம் என்று வந்தார்கள். "வேண்டாம் மக்களே, இங்கிருந்தே நல்லாத் தெரியுது" என்று அனுப்பிவிட்டார். கீழே போதகர் வேதபாடம் வாசிக்கத் தொடங்கினார். நான் மேலே கம்பியோரம் அக்காவோடு நின்றுகொண்டேன்.

அதே யோவான் 5-ஆம் அதிகாரம்தான். குளத்தருகே கிடக்கும் ஒருவன், முப்பத்தெட்டு வருஷமாக வியாதிக்காரன். தண்ணீர் கலங்கும்போது முதலில் இறங்குகிறவனுக்குத்தான் சுகம். சொஸ்தமாக, அதாவது குணமாக, விரும்புகிறாயா என்று இயேசு கேட்கிறார். அவன் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. என்னைக் கொண்டுபோய் இறக்கிவிட ஒருத்தரும் இல்லை என்கிறான்.

"வார்டுல முதல் கேள்வியே அதானே" என்றார் அக்கா. "அட்மிஷன் போடும்போதே கூட இருக்க ஆள் இருக்கான்னு கேப்போம். இல்லைன்னு தலையாட்டுற ஆளுக்கு மருந்து வாங்கிட்டு வரக்கூட நாதி இருக்காது. பெட்பேன் வைக்கணும்னாலும் நாங்கதான். அவங்க ராத்திரி தூங்கமாட்டாங்க, வாசலையே பாத்துட்டுக் கிடப்பாங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "இங்க முதல்ல இறங்குனவன் எல்லாம் யாரு? தூக்கிவிட ஆள் இருந்தவன்தானே?"

அந்த அதிகாரத்தை எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். இப்படி ஒருவரும் சொன்னதில்லை.

இன்னொன்றும் அக்கா சொன்னார். முட்டி வலிக்கு ஜெபிக்க ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போயிருக்கிறார். சுகம் வரவில்லை. விசுவாசம் போதாது என்று மேடையிலிருந்தவர் சொல்லியிருக்கிறார். படுத்துக்கிடப்பவரிடம் அந்த வார்த்தையைச் சொல்வது எனக்குச் சுத்தமாகப் பிடிப்பதில்லை. இந்தக் குளத்தருகே கிடந்த மனிதன் என்ன விசுவாச அறிக்கை செய்தான்? சுகமான பிறகும், யார் உன்னைச் சுகமாக்கியது என்று யூதர்கள் கேட்டபோது அவனுக்குப் பெயர் தெரியவில்லை. இயேசு அதற்குள் கூட்டத்தில் விலகிப் போய்விட்டார். இருந்தும் அவன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு நடந்தான். ஓய்வுநாளில் படுக்கை சுமக்கலாமா என்று ஊர் சண்டைக்கு வந்தது வேறு கதை.

கீழே போனவர்கள் ஏறி வந்ததும் பக்கத்திலிருக்கும் புனித அன்னாள் ஆலயத்துக்குப் போனோம். சிலுவைப் போர்வீரர்கள் 12-ஆம் நூற்றாண்டில் கட்டியது. பிறகு நகரைப் பிடித்த முஸ்லிம் சுல்தான் சலாதீன் காலத்தில் மதரஸாவாக மாறி, வாசலுக்கு மேலே அரபு எழுத்துக் கல்வெட்டு இன்னும் இருக்கிறது. 1856-ல் ஓட்டோமான் சுல்தான் பிரான்சுக்குக் கொடுத்துவிட்டார். இயேசுவின் தாய் மரியாள் பிறந்த வீடு இருந்த இடம் என்று நம்பப்படும் குகை கீழே இருக்கிறது; கத்தோலிக்கச் சகோதரிகள் அங்கே நெடுநேரம் முழங்காலில் இருந்தார்கள்.

இந்த ஆலயத்தில் பாடாமல் வரக்கூடாது. பாட்டை நிறுத்திய பிறகும் குரல் கூரையில் சுற்றிக்கொண்டே இருக்கும். எங்களில் பாதிப் பேருக்குச் சுருதி சேராது, அங்கே அதுவும் இனிமையாகத்தான் கேட்டது. அக்கா ஆல்ட்டோ, அதாவது பெண்களின் தாழ்ந்த குரல் பகுதியை, பாடினார். பக்தி பாடல்கள் மட்டுமே பாடலாம் என்பது விதி. அடுத்த குழுக்கள் காத்திருப்பதால் இரண்டு சரணத்துக்கு மேல் இழுக்காதீர்கள். மதியம் கொஞ்ச நேரம் மூடிவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள். முட்டிவலிக்காரர்கள் குளத்தை மேலிருந்தே நன்றாகப் பார்க்கலாம்.