ரங்கூன், ஜூலை 2025

2 ஜூலை, புதன்

தலைக்குக் குளித்தேன். மாமியார் ஈரத் தலையைப் பார்த்துவிட்டு, "புதன்கிழமை என்ன தலைக்கு?" என்றார்கள். ஒரே வெக்கை என்றேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

3 ஜூலை, வியாழன்

போனில் மட்டுமே பழகிய சென்னை அண்ணன் போய்விட்டார். போன வெள்ளிக்கிழமை ராத்திரியாம். அண்ணன் மகள் எழுதியது நேற்றுதான் என் கைக்கு வந்தது. வெள்ளிக்குப் பிறகும் நான் பாட்டுக்கு மழையை எழுதி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். இரண்டு டிக்கும் விழுந்தது. அவர் போனை யாரோ சார்ஜில் போட்டு வைத்திருக்கிறார்கள் என்பது இப்போதுதான் புரிகிறது.

4 ஜூலை, வெள்ளி

தீட்டு உண்டா என்று யாரிடம் கேட்பது? பங்காளி இல்லை, சம்பந்தி இல்லை, ஒரு ஊர்க்காரர்கூட இல்லை. கோயில் வகுப்புக்குப் போகலாமா கூடாதா என்று வாசற்படியில் நின்று யோசித்துவிட்டு, போனேன். பிள்ளைகளுக்கு ணகரம் னகரம் நடத்தினேன். மூன்று பேர்தான் வந்திருந்தார்கள்.

5 ஜூலை, சனி

ராத்திரி முழுக்க மழை. ஸ்ட்ராண்ட் ரோடு பக்கம் தண்ணீர் ஏறிவிட்டது. தெய்ஞ்சி மார்க்கெட்டுக்குப் போனவர்கள் லுங்கியை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டு திரும்பினார்கள். இதைக் கேட்க ஆள் இல்லாததால் இங்கே எழுதுகிறேன்.

மழையை அண்ணன்தான் கேட்டு வாங்குவார். வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ், முறைக்கு நாலு மணி நேரம். இடது கையில் ஊசி குத்தியிருக்கும், அசைக்கக் கூடாது. வலது கைக் கட்டைவிரல் ஒன்றால் தட்டி அனுப்புவார். தமிழில் சந்திப் பிழை பார்த்தால் எனக்குப் பாடமே நடத்துகிறவர், நாற்காலியில் உட்கார்ந்து எழுதினால் ஒற்று எல்லாம் காணாமல் போய்விடும். கேட்டால், "ஒற்று மிச்சம் பிடிக்கிறேன்மா" என்பார்.

ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான் அவருக்குக் கணக்கு. காபி, ரசம், மாத்திரை முழுங்குகிற தண்ணீர் எல்லாம் அதற்குள். மிஞ்சினால் வெளியே போக வழியில்லை. கால் வீங்கும், பிறகு மூச்சு முட்டும். ஐஸ் கட்டி ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு, "அங்க மழை எப்படி?" என்று கேட்பார். சென்னையில் அப்போது வெயில் கொளுத்தும், அவர்களுக்கு மழை ஐப்பசியில்தான். இங்கே ஜூலை ஒரு மாதத்திலேயே 500 மில்லிமீட்டருக்கு மேல். நான் தகரத்தில் விழுவதிலிருந்து தொடங்குவேன். தண்ணீர் சன்னல் கட்டையில் வழிந்து, சுவரில் பாசி பிடித்த கோட்டோடு இறங்கி, கீழ்வீட்டில் மொய்ங்கா என்கிற மீன் குழம்பு நூடுல்ஸ் விற்கிறவள் கட்டியிருக்கும் பிளாஸ்டிக்கில் தேங்கி, அவள் கம்பால் குத்தியதும் மொத்தமும் தெருவில் கொட்டுவது வரை எழுதுவேன்.

"போதும்மா. இன்னிக்குக் கணக்கு தாண்டிடுச்சு."

6 ஜூலை, ஞாயிறு

கரண்ட் வரவில்லை. இன்வெர்ட்டரும் செத்துவிட்டது.

8 ஜூலை, செவ்வாய்

அவர் எழுதிய ஒரு வரிகூட என்னிடம் இல்லை.

வெளியே கிளம்பும்போது போனைத் துடைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். முக்கில் நிறுத்திப் பார்ப்பார்கள். 2021-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு இங்கே எல்லாருக்கும் அது சாவி எடுக்கிற மாதிரிப் பழக்கம். பேசுகிற வழிகளையே கட்டுப்படுத்தி இந்த வருஷ ஆரம்பத்தில் சட்டமும் வந்துவிட்டது, அதனால் வழியைப் பற்றி எழுத மாட்டேன். மொய்ங்காவும் மழையும் படிக்கட்டும்தான் பேசினோம். ஆனால் இந்தியா நம்பர், வாசிக்கத் தெரியாத எழுத்து. என்ன என்று ஒரு பையன் கேட்டால் மழை என்றா சொல்வது?

காலையில் அவர் "நே கௌங் லா" என்று நலம் கேட்பார், பதில் போடுவேன், அழிப்பேன், பையைத் தோளில் போடுவேன். அவருக்கு ஏழு மணி என்றால் எனக்கு எட்டு. "ஒரு மணி நேரம் முன்னாடியே உனக்கு நாள் செலவாகிடுது" என்று ஒரு தடவை எழுதினார். இதைக்கூட நினைவிலிருந்துதான் எழுதுகிறேன். வார்த்தை மாறியிருக்கலாம்.

9 ஜூலை, புதன்

வார்த்தை மாறித்தான் இருக்கிறது. "செலவாகிடுது" இல்லை. "முடிஞ்சிடுது"வும் இல்லை.

10 ஜூலை, வியாழன்

நேற்று பௌத்தர்களின் வாசோ பௌர்ணமி. எதிர்வீட்டு பர்மியக் கிழவி மடத்துக்குப் பிக்குகள் உடுத்தும் சீவரம் கொடுத்துவிட்டு வந்து, எங்களுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் தந்தாள். நன்றாகப் பழுத்தது. என் முகத்தைப் பார்த்து எதுவும் கேட்கவில்லை. இங்கே அவள் ஒருத்திதான் கேட்காதவள்.

12 ஜூலை, சனி

28-ஆம் தெருவா, 29-ஆ, 30-ஆ?

அண்ணன் ஒன்பது வயதில் இங்கிருந்து போனவர். முக்கில் ஒரு குழாய், செங்குத்தான மரப் படிக்கட்டு, மாடியில் வளைந்து வளைந்து போகும் இரும்புக் கிராதி. இந்த மூன்றும் ஞாபகம். தெரு எண் ஞாபகம் இல்லை. அப்பாவுக்கு மளிகைக் கடை. 1964 மார்ச்சில் கடைகளை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது, ஒரு காலையில் கடைக்குப் போன அப்பா உள்ளே போக முடியாமல் நின்றாராம். பெயர்ப் பலகை போய் எண் வந்துவிட்டது, மக்கள் கடை இன்ன நம்பர் என்று. மே மாதம் 50, 100 கியாட் நோட்டு செல்லாது என்றார்கள். அம்மா தலையணையில் தைத்து வைத்திருந்ததெல்லாம் அந்த நோட்டுதான். தலையணையைப் பிரிக்கவே இல்லையாம். கப்பலில் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டு போய், வியாசர்பாடியிலும் அதன் மேல்தான் கொஞ்ச நாள் தூங்கினார்கள். "ஊர்லயே விலை ஒசந்த தலையணை" என்பார்.

அழுதுகொண்டு சொல்கிற ஆள் இல்லை. பர்மா பஜார் பக்கம் அத்தோ நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு, அதில் முறுக்கை நொறுக்கிப் போடுவது சரியா என்று என்னோடு சண்டைக்கு வருவார். சரியில்லை என்பது இன்றும் என் கட்சி.

கிராதியைத் தேடி நான் எத்தனையோ படம் எடுத்து அனுப்பினேன். தெருவில் நின்று போனைத் தூக்கிப் படம் எடுப்பதும் இப்போது வம்பு. சாமான் வாங்குகிற மாதிரி கீழே நின்று, மாடியிலிருந்து தொங்கும் கயிற்றைப் பார்க்கிற பாவனையில் எடுப்பேன். இங்கே மாடிக்கு மாடி கயிறு தொங்கும், நுனியில் கிளிப்பு, மேல்முனையில் மணி. இழுத்தால் மேலே மணி அடிக்கும், பேப்பரோ பருப்போ கிளிப்பில் மாட்டினால் ஏற்றிக்கொள்வார்கள். அவர் காலத்திலும் இருந்ததா என்று கேட்டேன். யோசித்துவிட்டு மறுநாள்தான் பதில் வந்தது: "கயிறு ஞாபகம் இல்லை. பருப்பு ஞாபகம் இருக்கு."

14 ஜூலை, திங்கள்

பார்க்காத மனுஷனுக்கு இவ்வளவா என்று வீட்டுக்காரர் கேட்டார். பதில் சொல்லவில்லை. சோற்றைப் போட்டேன்.

15 ஜூலை, செவ்வாய்

வீட்டுக்காரருக்கும் முழுசாகத் தெரியாது என்பதை நினைத்தால் கோபம் ஆறுகிறது. மார்ச் 28 மத்தியானம் மண்டலே பக்கம் பூமி ஆடியபோது, 7.7 என்று செய்தி போனதும் அண்ணன் அனுப்பியது ஒரே வார்த்தை. "இருக்கியா". கேள்விக்குறிகூட இல்லை. இங்கே ரங்கூனில் மின்விசிறிதான் ஆடியது, வேறு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் லைன் இல்லை, மறுநாள்தான் பதில் போக முடிந்தது. அன்றைக்கு டயாலிசிஸுக்குப் போகவில்லையாம். போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். மகள் திட்டினாள் என்று பிறகு சொன்னார். திட்ட வேண்டியதுதான், ஒரு முறை தவறினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா?

18 ஜூலை, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. காளி கோயிலில் கூட்டம் குறைவு. மாவிளக்குப் போட்டோம். அரிசி மாவு விலையை எழுதினால் நம்ப மாட்டீர்கள்.

19 ஜூலை, சனி

தியாகிகள் நாள். வெளியே போகவில்லை.

21 ஜூலை, திங்கள்

அண்ணன் மகள் எழுதியிருக்கிறாள். "அத்தை, அப்பா நீங்க அனுப்புனது எதையும் அழிக்கல. 2019-லேர்ந்து இருக்கு. போனை அக்கா பையனுக்குக் கொடுக்கப் போறோம், அதுக்கு முன்னாடி எல்லாத்தையும் உங்களுக்கு அனுப்பவா?"

அங்கே ஒன்றும் அழியவில்லை. நான் அழித்த அவர் வரிகளும் அங்கே இருக்கின்றன. 2021 மார்ச்சில் மொபைல் டேட்டாவை நிறுத்தியபோது அவர் தினமும் போட்டு, லைன் வந்ததும் மொத்தமாக வந்து விழுந்தவைகூட.

அனுப்பச் சொன்னால் அத்தனையும் என் போனில் உட்காரும். எடுத்துக்கொண்டு முக்கைத் தாண்ட முடியாது. வேண்டாம் என்று சொல்லவும் கை வரவில்லை. பதில் போடாமல் மாவு பிசைந்தேன்.

22 ஜூலை, செவ்வாய்

"அத்தை, பார்த்தீங்களா?"

24 ஜூலை, வியாழன்

ஆடி அமாவாசை. மாமனாருக்குப் படையல். எப்போதும் போல வாழைக்காய், பூசணிக்காய், அவருக்குப் பிடித்த மசால் வடை. நான் ஓரமாக இன்னொரு இலை போட்டேன்.

"அது யாருக்கு?" மாமியார்.

"ஒரு அண்ணனுக்கு."

"உனக்கேது அண்ணன்?"

"இருந்தார்."

சிக்கல் இலையில் இல்லை, இலையில் என்ன வைப்பது என்பதில்தான். அவருக்கு உயிர் மொய்ங்கா. அது மீன் இல்லாமல் ஆகாது. அமாவாசையில் மீனை யார் வைப்பார்கள்? கடைசியில் வாழைத்தண்டை மட்டும் வாங்கி வந்தேன். வில்லை வில்லையாக அரிந்து, ஒவ்வொரு வில்லைக்கும் நாரை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்து, மோரில் போட்டு, கடலை மாவு கரைத்துக் கொதிக்கவிட்டேன். மீன் இல்லாத மொய்ங்கா. சகிக்கவில்லை. அண்ணன் சாப்பிட்டிருந்தால் கண்டிப்பாகச் சொல்லியிருப்பார். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தேன், தளும்பத் தளும்ப. மாமியார் அந்த டம்ளரைச் சுற்றிக் கோலப்பொடியால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார்கள். ஏன் என்று தெரியவில்லை.

காகம் மாமனார் இலைக்குத்தான் வந்தது.

25 ஜூலை, வெள்ளி

எழுத்தையெல்லாம் பேப்பரில் அச்செடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன். யாராவது வரும்போது கொடுத்துவிட்டால் போதும். அச்செடுக்கச் செலவு ஆகுமே என்றேன். "அத்தை, சும்மா இருங்க" என்று பதில்.

27 ஜூலை, ஞாயிறு

இப்போது படங்களுக்கு வந்திருக்கிறாள். "அப்பா போன்ல ஒரே படிக்கட்டா இருக்கு, எதுவுமே புரியல, அழிச்சிடலாமா?" வேண்டாம் என்று பதறிப் போட்டேன். அப்படியானால் ஒவ்வொன்றும் எந்தத் தெரு என்று பின்னால் எழுதி ஆல்பத்தில் ஒட்டுகிறேன், சொல்லுங்கள் என்கிறாள். ஒவ்வொன்றாக அனுப்புகிறாள். லைன் இருக்கும்போது பதில் போடுகிறேன். பச்சைக் கதவு, 28, மேல் பிளாக். கிராதியில் துண்டு காய்வது 30, நடு பிளாக், அது இல்லை என்று அண்ணனே சொல்லிவிட்டார். குழாய் தெரிகிறது பார், அது 29, கீழ் பிளாக், அதற்கு அவர் இன்னும் பதில் போடவில்லை. அடுத்ததை அனுப்பு.