‘சேஃப்’ என்ற பெயரை நம்பி

அஸ்தம்பட்டி வீட்டு மாடியில் மூன்று நாளாகப் பிழைச்செய்தியில் வந்த ஒரே நினைவக முகவரியை முறைத்துக்கொண்டிருந்தேன். ‘டெட்’ என்று தொடங்கி 100 என்று முடியும் முகவரி. லினக்ஸ் இயங்குதளத்தின் மைய நிரலான கெர்னலில் பட்டியலிலிருந்து ஒரு பதிவைக் கழற்றினால், அடுத்த பதிவின் முகவரி இருக்கும் ‘அடுத்தது’ பாயிண்டரில் வேண்டுமென்றே இந்த நச்சு எண்ணை எழுதிவைப்பார்கள். யாரோ கழற்றிய பதிவின் வழியே நடந்திருக்கிறார்கள். யாரோ என்ன, நான்தான்.

சாதனங்களை இயக்கும் என் டிரைவர் நிரலில் அவற்றின் பட்டியல் ஒன்று. ஒவ்வொரு பதிவையும் எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ண ஒரு கேரெஃப் (kref). அது பூஜ்யமானால் பதிவு அழியும். எல்லாவற்றையும் நீக்க ‘சேஃப்’ என்று பெயர் முடியும் சுற்றை (லூப்) போட்டிருந்தேன். அது அடுத்த பதிவை முன்கூட்டியே குறித்துக்கொள்ளும். அதனால் கையிலிருப்பதை நீக்கலாம். அதன் பாதுகாப்பு அவ்வளவுதான். சாதனத்தை நிறுத்தும் வேலை தூங்கக்கூடியது, அதாவது நடுவில் காத்து நிற்கக்கூடியது. பட்டியலைக் காக்கும் பூட்டோ ஸ்பின்லாக். அதைப் பிடித்துக்கொண்டு தூங்கக்கூடாது. ஆகவே நடுவில் பூட்டைத் திறந்தேன். அந்த இடைவெளியில் கூடவே ஓடும் வேறொரு த்ரெட் அடுத்த பதிவையே கழற்றிவிட்டது.

அப்பா செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்குக் கணக்கு எழுதியவர். “அடுத்த பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு இந்தப் பக்கத்தைக் கிழிக்கிறேன்” என்று அவருக்கு விளக்கினேன்.

“விரல் வைத்த பக்கத்தை வேறொருவன் கிழித்தால்?” என்றார்.

எரிச்சலாகத்தான் இருந்தது.

இப்போது ஒவ்வொரு பதிவின் எண்ணிக்கையிலும் பட்டியலுக்கே ஒரு பங்கு இருக்கிறது. பூட்டுக்குள் முதல் பதிவை மட்டும் கழற்றுகிறேன். பட்டியலின் பங்கு என் கைக்கு வருகிறது. பூட்டைத் திறந்து, சாதனத்தை நிறுத்தி, அந்தப் பங்கை விடுகிறேன். பிறகு மீண்டும் பூட்டி, தலையிலிருந்து. அடுத்தது எது என்ற ஞாபகமே வேண்டாம். மற்ற த்ரெட்டும் பூட்டுக்குள் ‘இது இன்னும் பட்டியலில் இருக்கிறதா’ என்று பார்த்த பிறகே கழற்றும். இல்லையென்றால் ஒரே பங்கை இருவர் விடுவோம். பூட்டுக்குள் தேடுபவருக்குக் கண்ணில் படும் பதிவின் எண்ணிக்கை ஒன்றுக்குக் குறையாது.

இரவெல்லாம் கழற்றி மாட்டும் சோதனை ஓடியது. காலையில் லாகில் ஒன்றுமில்லை. ஆனால் பூட்டே இல்லாமல் படிக்க விடும் ஆர்சியு (RCU) முறையில் தேடும் இன்னோர் இடம் கண்ணில் பட்டது. அங்கே எண்ணிக்கை பூஜ்யமான பதிவும் கையில் சிக்கும். பூஜ்யமில்லை என்றால் மட்டும் கூட்டும் வகையைப் போட வேண்டும். ஞாயிறு ஏற்காடு போகலாம் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவும் எங்கே போய்விடும்?