ஒரே படம், இரண்டு மொழி, ஐந்து பிளேட்: டிவி நிகழ்ச்சிப் போஸ்டர் செய்து பார்த்தது

செங்கோட்டையில் தொடங்கி புளியரை, எல்லை தாண்டிக் கேரளத்து ஆரியங்காவு, தென்மலை வரை ஒட்ட ஒரு போஸ்டர். உள்ளூர் கேபிளில் ஞாயிறு இரவு 8 மணிக்கு வரும் பாட்டு நிகழ்ச்சி. இப்போதைக்கு வைத்த பெயர் 'மலைக்கப்புறம்'. மலையாளத்திலும் ஏறக்குறைய இதே சொல்தான். அதனால் படம் ஒன்று, எழுத்து மட்டும் இரண்டு என்று முடிவானது. அளவு டபுள் கிரவுன், 20க்கு 30 அங்குலம், சுற்றிலும் வெட்டில் போவதற்கு 3 மிமீ பிளீட்.

ஆஃப்செட் அச்சில் நான்கு நிறத்துக்கு நான்கு பிளேட் (அச்சுத் தகடு). எழுத்து முழுக்கக் கறுப்பில் மட்டும் நின்றால் சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றும் இரு பதிப்புக்கும் பொது; மலையாளத்துக்கு ஒரே ஒரு கறுப்பு பிளேட் கூடுதல். ஆக எட்டுக்குப் பதில் ஐந்து. முதல் டிசைன் அடிவாங்கியது இங்கேதான். கருநீல வானம், மேலே மஞ்சள் எழுத்து. ஸ்கிரீனில் கண்ணைப் பறித்தது, ஆனால் வானத்தின் நிறங்களில் அந்த எழுத்துக்கு ஓட்டை விட வேண்டும், ஆக அது நான்கு பிளேட்டிலும் போய் உட்காரும். பிளேட் கணக்கு அத்தோடு போச்சு.

இரண்டாவதில் வானத்தையே எடுத்தாயிற்று. மேல் 11 அங்குலமும் மலையில் இறங்கும் மஞ்சு: வெளிர் மஞ்சள், எந்த நிறமும் 15 சதவீதத்தைத் தாண்டாமல். அதன் மேல் கறுப்புத் தலைப்பு. வெள்ளை அவுட்லைன், கலர் நிழல், நான்கு நிறமும் கலந்த அடர் கறுப்பு எதுவும் கூடாது. கே 100, அதாவது கறுப்பு மை மட்டும் நூறு சதவீதம். மேப்லித்தோ என்ற பூச்சில்லாத தாளில் தனிக் கறுப்பு லேசாகச் சாம்பல் தட்டும். தடித்த எழுத்துரு எடுத்தால் அது உறுத்தாது.

அதன் பிறகும் ஒரு கோளாறு. ஒவ்வொரு பிளேட்டையும் தனியே காட்டும் பிரிப்பு முன்னோட்டத்தில் சயானை மட்டும் திறந்தால், வெளிர் நிறத்தில் 'மலைக்கப்புறம்' வெள்ளை ஓட்டையாகத் தெரிந்தது. கறுப்பு எழுத்துக்கு ஓவர்பிரின்ட், அதாவது அடி நிறத்தை வெட்டாமல் அதன் மேலேயே அச்சிடும் அமைப்பு, போடவில்லை. அப்படியே அச்சேறியிருந்தால் மலையாள எழுத்தின் பின்னால் தமிழ் எழுத்து ஆவி மாதிரி நிற்கும். எழுத்தைத் தேர்ந்தெடுத்து ஓவர்பிரின்ட் ஃபில் போட்டு, சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றையும் தனித்தனியாகத் திறந்து, எழுத்தின் சுவடு ஒரு புள்ளிகூட இல்லை என்று பார்த்த பிறகே ஃபைலை அனுப்ப வேண்டும். இதைப் பிரஸ்ஸில் பார்த்துக்கொள்வார்கள் என்று விடக் கூடாது.

படத்துக்கு நிகழ்ச்சியின் வீடியோவிலிருந்து ஃபிரேம் எடுக்கலாமே என்று தோன்றும். 1920க்கு 1080 ஃபிரேமை 20 அங்குலத்துக்கு இழுத்தால் 96 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 96 புள்ளிதான் தேறும். 300 வேண்டுமென்றால் அதே ஃபிரேம் 6.4 அங்குல அகலத்தோடு நின்றுவிடும். ஒன்றுவிட்டு ஒன்றாக வரிகளை இரு தடவையில் பதியும் இன்டர்லேஸ் வீடியோவாக இருந்தால் ஆடும் கையின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரிக் கோடு விழும். பழைய 720க்கு 576 பதிவில் இன்னொரு வம்பு: அதன் பிக்சல் சதுரமில்லை. 768க்கு 576 ஆக விரிக்காவிட்டால் பாடுகிறவர் முகம் ஒல்லியாகிவிடும். தனியாக ஸ்டில் எடுப்பதுதான் வழி.

ஃபோட்டோஷாப்பில் தெற்காசிய எழுத்து வசதியை ஆன் செய்யாமல் தமிழ் அடித்தால் கொம்பு இடம் மாறும், 'மலை'யின் ஐகாரம் உட்பட. மலையாளத்தில் தொல்லை சில்லெழுத்தில், அதாவது உயிர் சேராமல் தனியே நிற்கும் மெய்யெழுத்தில். 'ஞாயர்' என்பதன் கடைசி எழுத்துக்கு யூனிகோடில் தனி இடம் கிடைத்தது 2008இல். அதற்கு முந்தைய எழுத்துருவில் வெறும் கட்டம் வரும். ரச்சனா என்ற மலையாள எழுத்துரு பழைய லிபியைப் பின்பற்றுவது, கூட்டெழுத்து கீழே இறங்கும். தமிழுக்கு வைத்த வரி இடைவெளி அதற்குப் போதாது. எல்லாம் சரிபார்த்து, எழுத்தை கர்வ் (வெறும் கோட்டு வடிவம்) ஆக்கித்தான் கொடுக்க வேண்டும். பிரஸ் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இருக்கும் என்று நம்புவதற்கில்லை.

ஏ3 மாதிரியைப் பார்த்த போஸ்டர் ஒட்டுகிறவர் கேட்டது ஒன்றே: "எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி, எத்தன மணிக்குன்னு எங்க போட்டுருக்கு?" நியாயம். பத்தடி தூரத்துக்கு ஓரங்குல எழுத்து என்ற கணக்கில், சாலைக்கு அந்தப் பக்கம் 30 அடியில் தெரிய 3 அங்குலம் வேண்டும். எழுத்துருவின் பாயின்ட் அளவை நம்பக் கூடாது. தமிழ் எழுத்துருவில் 'க'வின் உயரம் பாயின்ட் அளவில் பாதியை ஒட்டியே இருக்கும், ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். இப்போது '8' மட்டும் 5 அங்குலம். இரு பக்கத்தாரும் படிக்கிற ஒரே எழுத்து அதுதான். கேபிள் சேனல் எண் இரு பக்கமும் வேறு; அதுவும் கறுப்பு பிளேட்டிலேயே. அடியில் 4 அங்குலம் அச்சகத்தின் பெயர் தவிரக் காலி. அங்கே சேறு தெறிக்கும், அடுத்த போஸ்டர் ஏறும்.

கேரளத்தில் பிவிசி ஃப்ளெக்ஸுக்கு 2019இலேயே தடை. தென்மலைப் பக்கம் வைக்கும் 6க்கு 4 அடி போர்டு பருத்தித் துணியில். துணி மையைக் குடிக்கும், நிழல்கள் அடைந்துபோகும். நடு நிறங்களை முன்கூட்டியே வெளுக்க வைக்க வேண்டும். ரீப்பர் மரச்சட்டத்தில் மடித்து ஆணி அடிக்கச் சுற்றிலும் 2 அங்குலம் விட்டாயிற்று.

பசை, ஒரு பங்கு மைதாவுக்கு ஆறு பங்கு தண்ணீர், கொஞ்சம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்). அது இல்லாவிட்டால் மாடு தின்றுவிடும். விஷம் என்பதால் கையுறை கட்டாயம். சாரல் நேரத்தில் பாசி பிடித்த சுவரில் எந்தப் பசையும் நிற்காது. ஆகவே முதல் ஐம்பதும் கூரை இறக்கத்துக்குக் கீழே உள்ள சுவர்களுக்கு.