பால்மரப் பெட்டி நாற்காலி: ஐந்தாவது வாரம்

மகனுக்கு இரண்டேகால் வயது. குதிகாலிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்தால் 21 சென்டிமீட்டர். இந்த ஓர் அளவைப் பிடித்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினேன். அதையே கோட்டையும் விட்டேன்.

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீடு 650 சதுர அடி. அப்பா, மனைவி, நான், பையன், அப்புறம் ஒரு தையல் மெஷின். கடையில் விற்கும் குட்டி மேசையையும் நாற்காலியையும் வாங்கிப் போட்டால் ஹாலில் கால் வைக்க இடமிருக்காது. ஒரே பெட்டி, மூன்று வேலை என்று முடிவு செய்தேன். இரண்டு பக்கப் பலகை, முதுகுக்கு ஒன்று, உட்கார ஒன்று. உட்காரும் பலகையை நட்டநடுவில் வைக்காமல் சற்றுத் தள்ளிப் பொருத்தினால், ஒரு பக்கமாக வைத்தால் தாழ்வான இருக்கை, கவிழ்த்தால் உயரமான இருக்கை. முன்பக்கம் தரையில் படும்படி சாய்த்தால் முதுகுப் பலகையே மேசை. மாண்டிசோரி வகுப்புகளில் இருக்கிற சங்கதிதான். என் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. உயரமும் அகலமும் 35 சென்டிமீட்டர், ஆழம் 30.

பலகை 18 மில்லிமீட்டர் பால்மரம், அதாவது ரப்பர் மரம். துண்டுகளை விரல் கோத்த மாதிரி இணைத்து ஒட்டியது. அப்பா தோட்டத்தில் பிறந்தவர். பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது பால்மரமாடா? இத நாங்க அடுப்புக்குத்தான் வைப்போம். சும்மா போட்டு வச்சா மாவா உதிர்ந்துடும்" என்றார். அவர் சொன்னது சரிதான். பால்மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிப் போட்டால் பூஞ்சையும் துளைப்பூச்சியும் உடனே வந்துவிடும். அறுத்த கையோடு போரான் கரைசலை அழுத்தத்தில் ஏற்றிச் சூளையில் உலர்த்தக் கற்றுக்கொண்ட பிறகுதான், 25, 30 வருடம் பால் கொடுத்து ஓய்ந்த மரம் தளவாட மரமாக மாறியது. அப்பா நம்பவில்லை. தினமும் ஒருமுறை குனிந்து அடியில் பொடி இருக்கிறதா என்று பார்க்கிறார்.

அறுப்பு வேலை பத்துமலைக்குப் பக்கத்தில் மச்சான் வீட்டுக் கார் போர்ச்சில். முனைகளை வளைக்க இனிப்புப் பால் டின்னை வைத்துக் கோடு போட்டோம். விளிம்பெல்லாம் ரௌட்டர் என்ற செதுக்கும் மெஷினால் உருட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாயிற்று. கொமுட்டர் ரயிலில் தூக்கி வந்தபோது ஒரு சின்னப் பெண் கேட்காமலே ஏறி உட்கார்ந்துகொண்டாள். கம்போங் பத்து வரை எழுந்திருக்கவில்லை. அந்தப் பெருமை வீடு வரைக்கும்தான் நீடித்தது.

தாழ்வான இருக்கை 14 சென்டிமீட்டர், அது சரியாகவே வந்தது. 35-இல் 14 போனால் 21, ஆகவே கவிழ்த்தால் மகனின் கால் அளவு. காகிதத்தில் பிரமாதம். கவிழ்த்து உட்கார வைத்தால் அவன் பாதம் தரையில் பதியவில்லை. டேப் போட்டால் 22.8. 14 என்பது பலகையின் மேற்பரப்பு. கவிழ்த்த பிறகு அவன் உட்காருவதோ அடிப்பரப்பில். நடுவில் இருக்கும் 1.8 சென்டிமீட்டர் பலகைத் தடிப்பை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. கால் ஊன்றாத பிள்ளை நகர்ந்து நகர்ந்து நுனிக்கு வந்துவிடும். அதனால் மறுபடி ரயில், மறுபடி மச்சான் வீடு. கவிழ்த்தால் தரையில் நிற்கும் விளிம்பை மூன்று பலகையிலும் 1.8 அறுத்தெடுத்து, மீண்டும் வளைத்து உருட்டினோம். திருகாணிகள் 3 சென்டிமீட்டர் உள்ளே இருந்ததால் ரம்பம் தப்பியது.

இன்னொன்று, நல்லவேளையாக முன்பே கண்ணில் பட்டது. பிஸ்கட் தூள் கீழே விழட்டும் என்று இருக்கைக்கும் முதுகுக்கும் நடுவே 1 சென்டிமீட்டர் இடைவெளி வரைந்திருந்தேன். குழந்தைக் கட்டில்களுக்கான ஐரோப்பியத் தரவிதிகள் 7 முதல் 12 மில்லிமீட்டர் வரையான இடைவெளியைத்தான் கூடாது என்கின்றன. விரல் உள்ளே போகும், வெளியே வராது. என் புத்திசாலித்தனம் சரியாக அதற்குள் உட்கார்ந்திருந்தது. இடைவெளியே இல்லாமல் ஒட்டிவிட்டேன். தூளை நான்தான் துணியால் துடைக்கிறேன்.

பூச்சுக்கு ஷெல்லாக். நம்ம அரக்குதான். மிட்டாய்க்கும் மாத்திரைக்கும் மேலே பூசுகிறார்கள். விளிம்பைக் கடிக்கும் பையனுக்கு அதுவே பொருத்தம் என்று தோன்றியது. ஆனால் கரைக்கும் ஸ்பிரிட் முழுக்க ஆவியாகிப் போகும்வரை அவனைப் பாட்டி வீட்டில் விட்டிருந்தோம். முதல் கோட் பூச்சை மழை பெய்த சாயங்காலம் அடித்தது என் தப்பு. காற்றின் ஈரம் உள்ளே மாட்டி, திருநீறு பூசியதுபோல் வெளுத்துவிட்டது. மறுநாள் நல்ல வெயிலில் ஸ்பிரிட் தொட்ட துணியால் இலேசாகத் துடைத்தேன், தெளிந்தது. அதற்கு மேல் இரண்டு கோட், இரண்டும் மத்தியானத்தில்.

பலத்துக்கு முதலில் 10 கிலோ அரிசி மூட்டை மூன்றை அடுக்கிப் பார்த்தேன். பிறகு அப்பாவே உட்கார்ந்து பேப்பர் படித்தார். பெட்டி தாங்கியது. அவர் எழுந்து போகும்போது அதை மேசையாக்கி, சுடச்சுடக் காப்பிக் கோப்பையை வைத்துவிட்டுப் போனார். இப்போது நடுவில் ஒரு வெள்ளை வளையம். ஷெல்லாக்குக்குச் சூடு ஆகாது. அழிக்கலாம், ஆனால் திரும்பவும் வைப்பார், அதனால் விட்டுவிட்டேன்.

பையன் அதில் உட்காருவதைவிட பஸ் என்று சொல்லித் தள்ளுவதுதான் அதிகம். டைல்ஸில் கிறீச் என்று சத்தம், கீழ்வீட்டு ஆன்ட்டி லிஃப்டில் ஒரு மாதிரி பார்க்கிறார். அடியில் ஒட்டும் வட்டக் கம்பளிப் பொட்டு வாங்கி வந்தேன். ஒட்டப் போகும்போதுதான் உறைத்தது. 25 மில்லிமீட்டர் வட்டம், உரிந்து வந்தால் நேராக வாய்க்குள். சின்னக் குழந்தைகளின் பொம்மைகளுக்கு 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் துண்டைப் போட்டுச் சோதிப்பார்கள், முழுதாக உள்ளே அடங்கினால் ஆகாது. பொட்டுகளைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்தாயிற்று. விளிம்பின் நீளத்துக்கே கம்பளியை ஒரே பட்டையாக வெட்டி, மரப்பசையால் ஒட்டி, மேலே அரிசி மூட்டையை ஏற்றி வைத்திருக்கிறேன். காலையில் எடுக்க வேண்டும்.